நெல் வயலில் சவுக்கு: கூட்டுப் பட்டாவில் தங்கையின் உரிமை

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். மரக்காணம் பக்கம் அப்பா கிரயம் வாங்கிய மூன்று ஏக்கர் நஞ்சைக்கு அண்ணன் பெயரிலும் என் பெயரிலும் கூட்டுப் பட்டா உள்ளது. பெற்றோர் உயில் எழுதாமல் காலமானார்கள். வேறு வாரிசு இல்லை. அறுவடைதோறும் எனக்கு நெல் மூட்டை வரும். என்னைக் கேட்காமல் அண்ணன் அதை ஐந்தாண்டுக்குச் சவுக்கு போட ஒரு மர வியாபாரிக்குக் குத்தகை விட்டுவிட்டார்; இப்போது அரிசியைக் கடையில் வாங்குகிறோம். ஊரில் பல வயல்கள் இப்படியே மாறுகின்றன. தடுக்க முடியுமா?

பதில்: நெல்லை விட்டுச் சவுக்கு போடுவதையே தடுக்கக் கேட்டால் பலன் இராது. மரம் வளர்ப்பதும் விவசாயமே என்பதால் நில உபயோக மாற்ற அனுமதி அதற்குத் தேவையில்லை. காவிரி டெல்டாவுக்கான 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் உங்கள் ஊருக்குப் பொருந்தாது. வீட்டுச் சோற்றைப் பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் அதைப் பங்குரிமையின் வழியாகத்தான் நீதிமன்றத்தில் கேட்க முடியும்.

உங்களுடையது இந்துக் குடும்பம் எனக் கொண்டால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி சரிபாதி உங்களுடையது. அண்ணன் தம் பிரிபடாத பாகத்தைக் குத்தகை விடலாமே தவிர, உங்கள் பாகத்தைக் கட்டுப்படுத்த முடியாது. மேலும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி பதிவு செய்ய வேண்டும். முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவாகவில்லை எனில், வெறும் முத்திரைத்தாளை வைத்து ஐந்தாண்டு உரிமையை வியாபாரி நிலைநாட்டுவது கடினம். கூலியாட்களை வைத்தே மரம் வளர்ப்பவர், தாமோ தம் குடும்பத்தாரோ உடலால் உழைக்கும் குத்தகைதாரருக்கான 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பையும் கோர இயலாது.

எனக்குப் பெரிதாகத் தெரியும் ஆபத்து வேறு. நெல் என்றால் ஆண்டுதோறும் அறுவடையும் பங்கும் உண்டு. சவுக்கு நான்கைந்து ஆண்டு பேசாமல் நிற்கும், அதற்குள் ஊர்ப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் உங்கள் பெயரின் சுவடே இராது. கூட்டு உரிமையாளரின் அனுபவம், அதாவது அவர் நிலத்தைக் கையில் வைத்திருப்பது, மற்றவருக்கும் சேர்ந்ததே என்றாலும், அவர் உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து 12 ஆண்டு கடந்தால் சிக்கல் வரும். கூட்டு அனுபவம் இருப்பதாகக் காட்டினால் பாகப்பிரிவினை வழக்கின் நீதிமன்றக் கட்டணமும் குறையும். ஆகவே நெல் வந்ததற்கான லாரி ரசீது, அண்ணனின் வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.

அண்ணன், வியாபாரி இருவருக்கும் ஒப்புகை அட்டையுடன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அண்ணன் இணங்காவிட்டால் பாகப்பிரிவினையும் வருமானக் கணக்கும் கேட்டு வழக்கிடலாம். நிலம் இருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான், சென்னை ஜார்ஜ் டவுனில் அல்ல. மரம் வெட்டுவதையே நிறுத்தக் கேட்பதைவிட, மரம் விற்ற தொகையில் உங்கள் பாதியை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லிக் கேட்பது எளிதில் கிடைக்கும். இணங்கினால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து உட்பிரிவு பட்டா வாங்குங்கள். வெட்டிய பின் வேர்க்கட்டை எடுக்கும் செலவு யாருடையது என்பதையும் அதில் எழுதுங்கள். மறுபடி நெல் நட அதுதான் முதல் செலவு.