அது அண்ணன் வீடு இல்லை

கேள்வி: எனக்கு வயது 34. கல்யாணமாகி ஒன்பது வருடம், ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மேலாளர். கைக்கு 58,000 ரூபாய் வருகிறது. பதினான்கு மாதமாகப் பிரிந்திருக்கிறோம். நானும் குழந்தையும் கோபியில் அண்ணன் வீட்டில் இருக்கிறோம். "மியூச்சுவலில் (இருவரும் சம்மதித்து விவாகரத்து) முடித்துக்கொள்ளலாம்" என்று இப்போது அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். திருப்பூர் வீடு கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது. பத்திரமும் கடனும் அவர் பெயரில். முன்பணத்துக்கு என் நகை 11 பவுனை விற்றோம். அதில் பாதி எனக்கு வருமா? ஜீவனாம்சம் எவ்வளவு கேட்கலாம்? மாமியார் பீரோவில் இருக்கும் மீதி 24 பவுன் திரும்பக் கிடைக்குமா? குழந்தை யாரிடம் இருக்கும்? அண்ணனும் அண்ணியும் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அடுத்த புதன்கிழமை பத்திர ஆபீஸ் போகிற வேலை இருக்கிறது. அப்பா காலமாகி நான்கு வருடம் ஆகிவிட்டதால் வீட்டை அண்ணன் பெயருக்கு மாற்ற அம்மாவும் நானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் பெயரில் சொத்து இருந்தால் ஜீவனாம்சம் கிடைக்காது என்றும் அண்ணன் விசாரித்து வைத்திருக்கிறார். அது முடிந்ததும் நல்ல வக்கீலாகப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதி மேலே சுருக்கிப் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் "அண்ணன் வீடு" என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பென்சிலால் வட்டம் போட்டு எண்ணினேன். அதே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், அது அப்பா வாத்தியாராக இருந்தபோது 1991-ல் தன் சம்பளத்தில் வாங்கிய வீடு, அவர் உயில் எதுவும் எழுதவில்லை என்றும் இருக்கிறது. அப்புறம் அது எப்படியம்மா அண்ணன் வீடு ஆயிற்று?

நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளும் இருபது வருடமாக நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பவைதான். சொல்கிறேன். முதலில் அந்தப் புதன்கிழமை.

போகாதீர்கள்.

உயில் இல்லாமல் அப்பா இறந்துபோனால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். உங்கள் வீட்டில் அம்மா, அண்ணன், நீங்கள். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. இதில் "கட்டிக்கொடுத்த பெண்" என்று தனியாக ஒரு வகை கிடையாது. உங்களுக்கு 35 பவுன் போட்டது, சீர் செய்தது, தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டது, எதையும் இந்தப் பங்கில் கழித்துக்கொள்ள முடியாது. அப்பா கண்ணை மூடிய அன்றே உங்கள் பங்கு உங்களுடையதாகிவிட்டது. அதை உங்களுக்கு யாரும் தர வேண்டியதில்லை. நீங்களாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது கையை விட்டுப் போகும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2005 வரை அந்தச் சட்டத்தில் 23-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரிக்கச் சம்மதிக்கும் வரை பெண் பிரித்துக் கேட்க முடியாது என்றது அது. அண்ணன் தம்பிகளுக்குச் சாதகமாக எழுதிய சட்டம். அதே பிரிவு, கணவனைப் பிரிந்து வந்த மகளுக்கு அந்த வீட்டில் குடியிருக்க உரிமை உண்டு என்றும் சொல்லியிருந்தது. 2005-ல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். இப்போது பங்கைப் பிரித்தும் கேட்கலாம். பழைய சட்டம்கூட உங்களை அந்த வீட்டில் விருந்தாளியாக வைக்கவில்லை. நீங்கள்தான் காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லோருக்கும் சமைத்து, "அண்ணி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை" என்று நன்றியோடு எழுதுகிறீர்கள். சொந்த வீட்டில் இருப்பவளை யார் என்ன குறை சொல்வது?

இப்படிப் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். அது பதிவாவதை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தங்கை நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருப்பாள். பத்திரம் எழுதுபவர் மேஜையில் எல்லாம் அச்சாகித் தயாராக இருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "வழக்கமா எழுதறதுதாம்மா" என்பார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. உள்ளே போய் போட்டோ, விரல்ரேகை. வெளியே வந்ததும் அண்ணன் எல்லோருக்கும் காபி வாங்கித் தருவார். அந்த "வழக்கமா எழுதறது" என்ன தெரியுமா? மேற்படி சொத்தில் இனிமேல் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது. என் வாரிசுகளுக்கோ! அது யார்? பக்கத்து அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் மகள். அவளுக்கும் சேர்த்துத்தான் புதன்கிழமை கையெழுத்துப் போடப் போகிறீர்கள்.

பதிவான பத்திரத்தை, மனசு மாறிவிட்டது என்று நீங்கள் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. ஏமாற்றினார்கள், மிரட்டினார்கள் என்று சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அதற்கும் மூன்று வருடக் கெடு உண்டு. படிக்காமல் போட்டுவிட்டேன் என்று போய் நின்றால், ஏன் படிக்கவில்லை என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

சரி, அண்ணன் "விசாரித்து வைத்திருக்கும்" சமாசாரத்துக்கு வருவோம். யாரிடம் விசாரித்தார்? ஜீவனாம்ச வழக்கில் கோர்ட் பார்ப்பது, உங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் போதுமான வருமானம் உங்களுக்கு இருக்கிறதா என்பது. உங்கள் அம்மா குடியிருக்கிற, பைசா வாடகை வராத வீட்டில் மூன்றில் ஒரு பங்கு என்பது வருமானம் ஆகாது. அதை வைத்து ஜீவனாம்சமே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. தவிர, 2020-ல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கணவன் மனைவி இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். வழக்குப் போடுவதற்கு முந்தின வாரம் ஒரு சொத்தை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, என்னிடம் ஒன்றும் இல்லை என்று நின்றால், எதிர்த்தரப்பு வக்கீல் வில்லங்கச் சான்றை நீட்டி என்ன கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பதினான்கு மாதமாகத் தங்கையையும் குழந்தையையும் முகம் சுளிக்காமல் வைத்திருக்கிற மனிதர். ஆனால் தங்கை பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தால் தாங்குவது அண்ணனின் கடமை. அதற்குக் கூலி வாங்கக் கூடாது. அதிலும், கணவன் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து, இருக்கிற ஒரே வீட்டையும் எழுதிக் கேட்கக் கூடாது. நான்கு வருடம் சும்மா இருந்த பத்திரத்துக்கு இந்த மாதம் என்ன அவசரம் வந்தது? இதை அவரிடம் நீங்கள் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள்.

என்னிடம் ஒரு அம்மா வந்தார். வருடம் பலவாகிவிட்டது. மஞ்சப்பையில் விடுதலைப் பத்திரத்தின் ஜெராக்ஸ், அதையும் நாலாக மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். கணவனைப் பிரிந்து வந்து அண்ணன் நிழலில் பதினோரு வருடம். அண்ணன் நல்லபடியாகத்தான் வைத்திருந்தார். ஒருநாள் மாரடைப்பில் போய்விட்டார். வீடு அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் வந்தது. பெரியவனுக்குக் கல்யாணம், ரூம் வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான், சண்டைகூட இல்லை. அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணன் பார்த்துக்கிறேன்னு சொன்னாரே, அது இதில எங்கயாவது எழுதியிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க." இரண்டு முறை படித்தேன். எழுதியிருக்கவில்லை.

உங்கள் அம்மாவையும் விடப் போவதில்லை. அவரும் தன் பங்கை எழுதிக் கொடுக்கக் கிளம்பியிருக்கிறார். மகனுக்குத்தான் தர வேண்டும் என்றால் தாராளமாகத் தரட்டும், அது அவருடைய பங்கு. ஆனால் கடைசி வரை என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதிக் கொடுத்தபின் கவனிக்காமல் விட்டால், 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் அதை ரத்து செய்ய வழி இருக்கிறது. நிபந்தனை எழுதாவிட்டால் அந்த வழி மிகவும் குறுகிவிடும். அதோடு, மகள் குழந்தையோடு வீட்டுக்கு வந்து நிற்கும்போது, நீயும் கையெழுத்துப் போட்டுவிடு என்று ஒரு தாய் சொல்லலாமா என்று என் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விகள்.

திருப்பூர் வீட்டில் பாதி தானாக வராது. விவாகரத்தானால் சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. சீரியல் பார்த்து நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், சவூதியில் கணவர் சம்பாதித்த பணத்தில் வாங்கியதானாலும், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது என்று சொல்லி, அவருக்குச் சமபங்கு உண்டு என்றது. அதை வைத்து வாதாடலாம், உறுதியாகக் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் பலமான ஆயுதம் அந்த 11 பவுன். எந்தக் கடையில் விற்றீர்கள், ரசீது எங்கே, பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அதைத் தேடுங்கள்.

மீதி 24 பவுன் உங்களுடையது, பேச்சே இல்லை. ஸ்ரீதனம் மனைவிக்கு மட்டுமே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. 2024-ல் கேரளத்துப் பெண் ஒருவரின் 89 பவுன் வழக்கில், கணவர் 25 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கழுத்தில் கையில் என்னென்ன என்று பட்டியல் எழுதுங்கள்.

ஜீவனாம்சத்துக்குச் சூத்திரம் கிடையாது. கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதை எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தையின் செலவு, வீட்டு வாடகை, அவருடைய கடன் எல்லாம் பார்த்துத்தான் தொகை முடிவாகும். ஜீவனாம்சம் கேட்க உதவிய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144-வது பிரிவாகியிருக்கிறது. எண் மாறியதே தவிர விஷயம் அதேதான். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு. பதினான்கு மாதமாக மனு போடாமல் இருந்துவிட்டீர்கள். அந்தப் பதினான்கு மாதமும் உங்கள் குழந்தைக்குச் செலவு செய்தது அவள் அப்பா இல்லை, உங்கள் அண்ணன். அண்ணனுக்கு நீங்கள் பட்ட கடன் அதுதான் என்றால், அதை வீட்டை எழுதிக் கொடுத்து அடைக்காதீர்கள். கணவரிடம் வாங்கி அடையுங்கள்.

மியூச்சுவல் என்றால் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், அது ஆகிவிட்டது. முதல் மனுவுக்கும் அடுத்ததற்கும் ஆறு மாத இடைவெளி. 2017 தீர்ப்புக்குப் பிறகு கோர்ட் நினைத்தால் அந்த இடைவெளி வேண்டாம் என்று விட்டுவிடலாம். தீர்ப்பு வரும் வரை உங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். நகை, தொகை, குழந்தையின் படிப்பு எல்லாம் எழுத்தில் வராமல் முதல் மனுவில் கையெழுத்து வேண்டாம். "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் குழந்தையின் ஜீவனாம்ச உரிமை அழியாது, அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரமே இல்லை. குழந்தை உங்களிடம்தான் வளர்கிறாள். கோர்ட் அவள் நலனைத்தான் பார்க்கும். அப்பா வந்து பார்ப்பதைத் தடுக்காதீர்கள், அது அவளுக்குச் செய்யும் துரோகம்.

அண்ணனிடம் சண்டை போடச் சொல்லவில்லை. "கேஸ் முடியட்டும் அண்ணா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள், போதும். முடிந்தபின் அவருக்கே விட்டுக்கொடுக்க நினைத்தால், உங்கள் பங்குக்கு உரிய தொகையைப் பேசி, வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1987-ம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊர்ப் பக்கத்துக் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம், திருப்பூருக்கு அலைய வேண்டாம். புதன்கிழமைக்கு எப்படியும் சேலை எடுத்து வைத்திருப்பீர்கள். அதையே கட்டிக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை, நகை ரசீது, குழந்தையின் பள்ளிக் கட்டண ரசீது எல்லாம் ஒரு பையில் போட்டு, பஸ் ஏறி அந்தச் சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போங்கள்.