நெளிதகடு இறக்கைகள்

கே: 1920களின் உலோகக் குண்டுவீச்சு விமானங்கள் ஏன் தகரக் கொட்டகை மாதிரி நெளிநெளியாக இருந்தன?

ப: விறைப்புக்காக. மெல்லிய டூராலுமின் (அலுமினியக் கலப்புலோகம்) தகட்டைச் சமமாகப் போர்த்தினால், அழுத்தம் வந்ததும் மடங்கிவிடும். நெளித்துவிட்டால் அதிக எடை கூடாமலே நிமிர்ந்து நிற்கும். ஜெர்மனியின் யுங்கர்ஸ் காட்டிய இந்த வழியில்தான் சோவியத் வடிவமைப்பாளர் துப்போலெவின் குண்டுவீச்சு விமானங்களான டிபி-1 (1925), நான்கு எஞ்சின் டிபி-3 (1930) இரண்டும் பிறந்தன. நெளிவுகள் காற்றோட்டத்தின் போக்கில் ஓடுவதால் இறக்கை வளைவதை அவை தடுக்காது. அந்தச் சுமை முழுக்க உள்ளிருக்கும் உத்திரங்களுக்கு. காற்றோ எப்போதும் நேராக ஓடுவதில்லை. சற்றுக் குறுக்கே பாய்ந்தாலும் ஒவ்வொரு நெளிவும் முட்டுக்கட்டைதான். துப்போலெவின் ஏஎன்டி-25 நெடுந்தூர விமானத்தில் நெளிதகட்டின் மேல் துணி ஒட்டியே இதைச் சமாளித்தார்கள். உலோக விமானத்துக்குத் துணிச் சட்டை! உள்ளே நீளக் கம்பிகள் வைத்து, வழவழப்பான தகட்டையே சுமை தாங்க வைத்ததுதான் சரியான தீர்வு. 1932இல் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் மார்ட்டின் பி-10 அந்த ரகம்.

கே: தகடுகளை இணைக்க அடிக்கும் ரிவெட்டு ஆணிகளை ஐஸில் வைப்பார்களாமே?

ப: ஆமாம். டூராலுமின் ரிவெட்டைச் சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் போட்டால் மென்மையாக இருக்கும். பிறகு தானாகவே இறுகும். தாமதித்து அடித்தால் தலை வெடிக்கும். குளிர் அந்த இறுக்கத்தைத் தள்ளிப்போடும். தண்ணீரில் போடும்போதே தாமதித்தால் வேறு வம்பு: உலோகத் துகள்களின் இடுக்கில் அரிப்பு நுழையும், வெளியே தெரியாது.

கே: இந்த விமானங்கள் உப்புக்காற்றை எப்படித் தாங்கின?

ப: சரியாகத் தாங்கவில்லை. 1920களின் பிற்பகுதியில் வந்த, இருபுறமும் தூய அலுமினியம் பூசிய ஆல்கிளாட் தகடு கைகொடுத்தது.