டிராகனும் காதலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கடந்த ஆறு மாதமாக ஃபேண்டஸி நாவல்களையும் காதல் நாவல்களையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சில புதியவை, சில மூன்றாம் நான்காம் தடவை படிப்பவை. கேளுங்கள், சொல்கிறேன் என்றதும் கேள்விகள் நிறையவே வந்துவிட்டன. பழைய நாவல்களின் முடிவைத் தயங்காமல் பேசுவேன். புதியவற்றில் முதல் சில அத்தியாயங்களைத் தாண்ட மாட்டேன்.

கேள்வி: அக்கா, ஃபேண்டஸியும் காதலும் கலந்த நாவல்களுக்கு இந்த 'ரொமான்டஸி' என்ற பெயர் இப்போதுதான் எங்கும் அடிபடுகிறது. விற்பனைக்காக உண்டாக்கிய வகையா?

பெயர்தான் புதிது, சரக்கு மிகப் பழசு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் க்ரெத்தியன் த த்ருவா எழுதிய லான்சலாட் கதையைப் பாருங்கள். கடத்தப்பட்ட அரசியைத் தேடிப் போகும் வீரன், குதிரையை இழந்து நடந்து வருகிறான். எதிரே ஒரு குள்ளன் வண்டி ஓட்டி வருகிறான். குற்றவாளிகளை ஏற்றி ஊரார் பார்க்க இழுத்துப் போகும் வண்டி அது. ஏறினால் அரசியைப் பற்றிய சேதி கிடைக்கும், ஆனால் மானம் போய்விடும். லான்சலாட் இரண்டே இரண்டு அடி தயங்குகிறான், பிறகு ஏறிவிடுகிறான். அப்புறம் வாளையே பாலமாகப் போட்டிருக்கும் ஆற்றை வெறுங்கையும் வெறுங்காலுமாக, ரத்தம் சொட்டச் சொட்டக் கடந்து அவள் முன்னால் போய் நிற்கிறான். அவளோ முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம், அந்த இரண்டு அடி.

இப்படிப்பட்ட வீரக் கதைகளுக்கு அந்தக் காலத்துப் பெயரே 'ரொமான்ஸ்'தான். மாயமும் காதலும் அங்கே ஒரே வீட்டில்தான் குடியிருந்தன. 'அழகியும் மிருகமும்' கதையை வில்நெவ் சீமாட்டி 1740இல் நீளமாக எழுதினார், 1756இல் போமோன் சீமாட்டி அதைச் சுருக்கினார். 2015இல் வந்த 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' அதே கதையிலிருந்துதான் கிளம்புகிறது. அதில் எனக்குப் பிடித்தது முதல் அத்தியாயம். பனிக்காட்டில், பசியோடு மரக்கிளையில் உட்கார்ந்து வேட்டைக்குக் காத்திருக்கும் பெண். அந்தப் பசியை நம்ப முடிந்தது. மாளிகைக்குள் போன பிறகு அது மறைந்துவிடுகிறது. வருடக்கணக்கில் பட்டினி கிடந்தவள் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கும் விதமே வேறாக இருக்கும். அதை ஆசிரியர் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கேள்வி: 'ஃபோர்த் விங்' படித்தீர்களா? எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்களே?

2023இல் வந்த நாவல். படித்தேன், தொடக்கத்தைக் கொண்டாடலாம். எளிதில் மூட்டு நழுவும் உடல் கொண்ட ஒரு பெண்ணைப் பெற்ற தாயே டிராகன் வீரர் பயிற்சிக்கு அனுப்புகிறாள். முதல் தேர்வு, மழையில் ஒரு குறுகிய கல்பாலத்தைக் கடப்பது. விழுந்தால் சாவுதான். வரிசையில் நிற்கும்போது, தன் பக்கத்திலிருக்கும் முன்பின் தெரியாத பெண்ணின் காலணி வழுக்கும் என்று பார்த்து, ஒரு காலணியை மாற்றிக்கொள்கிறாள். ஆளுக்கு ஒரு கால் வழுக்கும், ஒரு கால் பிடிக்கும். நாயகி எப்படிப்பட்டவள் என்பது அந்த ஒரு செயலில் தெரிந்துவிடுகிறது. 'அவள் நல்லவள்' என்று பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் இவ்வளவு வந்திருக்காது.

குறை என்னவென்றால், நாயகன் அவளைக் கொல்லக்கூடியவன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், எனக்கு ஓரிடத்திலும் பயம் வரவில்லை. பகை நிஜமாக இருந்தால்தான் பகைவர் காதலராவதில் ருசி இருக்கும்.

கேள்வி: இந்த வகையே எனக்குப் புதிது. எங்கிருந்து தொடங்கலாம்?

டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்'. தொப்பிக்கடையில் தைத்துக்கொண்டு, மூத்த மகளுக்கு வாழ்க்கையில் ஒன்றும் அமையாது என்று நம்பிக்கொண்டிருக்கும் ஸோஃபியைச் சூனியக்காரி ஒருத்தி கிழவியாக்கிவிடுகிறாள். கிழவியானதும்தான் அவளுக்கு வாயே திறக்கிறது. பயந்து பேசாதிருந்தவள் மந்திரவாதியையே அதட்டி வேலை வாங்குகிறாள். சாபம் அவளைச் சிறைப்படுத்தவில்லை, ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது. மந்திரவாதியோ தன் இதயத்தை நெருப்புப் பூதத்திடம் கொடுத்துவிட்டு வெறுமையாகத் திரிகிறான். ஆக மாயத்தை எடுத்துவிட்டால் காதல் நிற்காது, காதலை எடுத்துவிட்டால் மாயம் நிற்காது. இரண்டையும் கலக்க நினைக்கும் யாரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான்.

கேள்வி: மேடம், மகளுக்குப் பதின்மூன்று வயது. டிராகன் கதை என்றால் உயிர். ஃபோர்த் விங் வாங்கித் தரலாமா?

வேண்டாம். அது பெரியவர்களுக்கானது, படுக்கையறைக் காட்சிகள் விரிவாகவே உண்டு. மேலே சொன்ன 'தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' தொடரும் அப்படித்தான். அட்டையில் பூவும் கிரீடமும் டிராகனும் இருப்பதால் பிள்ளைகள் புத்தகம் என்று நினைத்துவிடுகிறார்கள். அட்டையைப் பார்த்து வயதை முடிவு செய்யாதீர்கள், இதை இன்னும் பலமுறை சொல்வேன். அவளுக்கு ஹவுலைக் கொடுங்கள், அப்புறம் உர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'.

கேள்வி: பொன்னியின் செல்வன் ஃபேண்டஸியில் சேருமா?

சேராது, அது வரலாற்றுப் புனைவு. அதை ஆழ்ந்து படித்தவர்களிடம் கேளுங்கள், நான் பாதி அறிவோடு பேசக் கூடாது.

கேள்வி: காதல் நாவல் சுபமாகத்தான் முடிய வேண்டும் என்று நீங்கள் சொன்னதாக ஒரு தோழி சொன்னாள். ஏன் இந்தக் கட்டாயம்? முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிக்க வேண்டும்?

சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். காதலே கதையின் நடு, முடிவில் நம்பிக்கை. இந்த இரண்டும் இருந்தால்தான் ரொமான்ஸ் நாவல் என்பது அதை எழுதுபவர்களும் பதிப்பிப்பவர்களும் வெகுகாலமாக ஒப்புக்கொண்ட இலக்கணம். துப்பறியும் கதையில் கடைசியில் கொலையாளி அகப்படுவான் என்று தெரிந்துதானே படிக்கிறோம்?

ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' 1813இல் வந்தது, மொத்தம் 61 அத்தியாயம். இருவரும் சேர்வார்கள் என்று முதல் நடனத்திலேயே வாசகருக்குத் தெரியும். ஆனால் 34ஆம் அத்தியாயத்தில் நாயகன் டார்சி நாயகி எலிசபெத்திடம் வந்து, உன் குடும்பம் எனக்குக் கீழே, இருந்தும் உன்னைக் காதலிக்கிறேன் என்கிறான். அவள் முகத்துக்கு நேரே மறுக்கிறாள். இனி எப்படிச் சேர்வார்கள்? அடுத்த அத்தியாயத்தில் அவன் கடிதம். அவள் அதைப் படித்துக் கோபப்படுகிறாள், மறுபடி படிக்கிறாள், தன்மேலேயே வெட்கப்படுகிறாள். பின்னால் அவள் தங்கையைக் காப்பாற்ற அவன் பணத்தையும் கௌரவத்தையும் செலவழிக்கிறான், அதை அவளிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இரண்டாம் முறை கேட்பது 58ஆம் அத்தியாயத்தில்தான். இடைப்பட்ட அத்தியாயங்கள் முழுக்க இருவரும் கொடுக்கும் விலைதான் நாவல். மந்திரத்துக்கு விலை வேண்டும் என்று ஃபேண்டஸி வாசகர்கள் கேட்கிறோமே, காதலுக்கும் அதே கணக்குதான்.

மேற்படி கேட்டவர் மீண்டும்: விலை கொடுத்த பிறகும் இழக்க நேரலாமே? ஆர்வென் கதையை என்ன சொல்வீர்கள்? அதைவிடப் பெரிய காதல் எது?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 55இல் வந்தது. சாவில்லாத இனத்தில் பிறந்த ஆர்வென், மனிதனான அரகார்னுக்காகச் சாவை ஏற்கிறாள். இந்தக் கதை நாவலின் உடலில் முழுதாக இல்லை, பின்னிணைப்பில்தான் இருக்கிறது. நாவல் ஹாபிட்டுகள் என்ற குள்ள இனத்தாரின் கண்வழியாக நடப்பதால் உள்ளே வைத்தால் கட்டுமானம் குலையும் என்பது டோல்கீனின் எண்ணம். அதனால்தான் சொல்கிறேன்: அது மகத்தான காதல் கதை, ஆனால் ரொமான்ஸ் நாவல் இல்லை. கதையின் நடுவில் இருப்பது மோதிரம்.

அதோடு, அவர்கள் 120 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தார்கள். அது சோக முடிவு என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமா?

கேள்வி: எதிலிருந்து படிக்க ஆரம்பிக்கலாம் அக்கா?

ஹவுல். மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆர்வென் பற்றிக் கேட்டவர்: 120 ஆண்டு வாழ்ந்தார்கள், சரி. அப்புறம் அவள் ஆளில்லாத லோரியன் காட்டுக்குப் போய், இலை உதிரும் மரங்களுக்கு நடுவே தனியாகப் படுத்துச் சாகிறாளே! கணவன் சாகும்போது, மனிதருக்குக் கிடைத்த 'வரம்' கசக்கிறது என்கிறாளே! அந்தக் கசப்பை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

எடுக்கவில்லைதான். உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பின்னிணைப்பை மறுபடி படித்தேன். அவள் கண்ணிலிருந்த ஒளி அணைந்துபோவதாக வரும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நீங்கள் சொல்வது சரி, 120 என்ற எண்ணைக் காட்டி அந்த மரணத்தை நான் சிறிதாக்கியிருக்கக் கூடாது. அது சோகமேதான்.

ஆனால் இலக்கணத்தை விட மாட்டேன். நாள் முழுக்க யாருக்காவது பாடுபட்டுவிட்டு இரவில் ஒரு காதல் நாவலை எடுப்பவருக்கு அந்த வகையின் பெயரே ஒரு வாக்கு. கடைசிப் பக்கத்தில் அந்த வாக்கை முறிப்பதைத் துணிச்சல் என்று நான் பாராட்ட மாட்டேன். சோகமாக எழுதுங்கள், தாராளமாக. அந்தப் பெயரைப் போட்டு விற்காதீர்கள்.

கேள்வி: நார்னியா தொடரில் எதை முதலில்? பெட்டியில் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' ஒன்றாம் எண் போட்டிருக்கிறது.

எண்ணை விட்டுவிடுங்கள். 1950இல் முதலில் வெளியானது சிங்கமும் அலமாரியும் வரும் 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்', நெஃப்யூ வந்தது 1955இல். அலமாரிக்குள் பனி காலில் படும் அந்த ஆச்சரியம், காட்டில் விளக்குக் கம்பம் ஏன் நிற்கிறது என்று முன்பே தெரிந்தால் பாதியாகிவிடும். எந்தத் தொடரானாலும் வெளியான வரிசையில் படியுங்கள்.

கேள்வி: 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடங்கலாமா?

முதல் பாகம் 1996, ஐந்தாம் பாகம் 2011, ஆறாவது இன்னும் வரவில்லை. காத்திருக்கும் மனம் இருந்தால் தொடங்குங்கள். தொடரைத் தொடும் முன் கடைசிப் பாகம் வந்துவிட்டதா என்று பாருங்கள். இதுவும் பெரியவர்களுக்கானதுதான், அட்டையை வைத்துப் பிள்ளைகளுக்கு வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: இதெல்லாம் பிடிஎஃப் கிடைக்குமா?

என்னிடம் கேட்காதீர்கள். நூலகத்தில் எடுங்கள்.

கேள்வி: புதுசாகப் படிப்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்லுங்களேன்?

ஹவுல், ஹவுல். மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள், தயவுசெய்து.

ஆர்வென் பற்றிக் கேட்டவர், கடைசியாக: அப்படியானால் நீங்கள் சொல்லும் விலையும் நம்பிக்கையும் சேர்ந்த ஃபேண்டஸி காதல் ஒன்றைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

லெ குவினின் 'டெஹானு'. எர்த்ஸீ வரிசையில் மூன்றாம் நாவல் 1972இல் வந்தது. அதில் மாமந்திரவாதி கெட், உலகைக் காக்கத் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறான். 18 வருடம் கழித்து, 1990இல் ஆசிரியர் திரும்பி வந்து கேட்கிறார்: சக்தி போன பிறகு அந்த மனிதன் என்ன செய்வான்?

ஆடு மேய்க்கிறான். வெட்கப்பட்டு ஒளிகிறான். இளவயதில் அவனோடு இருட்டிலிருந்து வெளியேறிய டெனார், இப்போது வளர்ந்த பிள்ளைகளின் தாய், விதவை. தீயில் கருகிய ஒரு சிறுமியை வளர்க்கிறாள். ஒரு குளிர்கால இரவில் வீட்டுக்குள் புகவந்த ஆட்களை அவன் எதிர்க்கிறான். மந்திரக்கோல் கிடையாது, கையில் வைக்கோல் அள்ளும் கவைக்கோல். அதன் பிறகுதான் அடுப்பங்கரையில் இருவரும் மனம் திறக்கிறார்கள், நரைத்த தலையோடு. மந்திரவாதியாக இருந்தவரை அவனுக்குப் பெண் உறவே விலக்கு, அந்தப் பெரும் இழப்பு இல்லையென்றால் இந்தக் காதலுக்கு வழியே இல்லை. கடைசியில் மூன்று பேரும் போய் வாழ ஒரு சின்ன வீடு இருக்கிறது. எனக்கு அது போதும்.

மேற்படி கேட்டவர்: அதை மட்டும் தனியாகப் படிக்கலாமா?

கூடாது. குறைந்தது 1971இல் வந்த 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவானை'யாவது முதலில் படியுங்கள். பாதாளச் சுழல்வழியில் தாகத்தில் கிடக்கும் கெட்டுக்கு சிறு பூசாரிணியாக இருந்த டெனார் தண்ணீர் கொடுக்கும் இடமும், அவள் மறந்துபோன சொந்தப் பெயரைச் சொல்லி அவன் அவளை அழைக்கும் இடமும் வரும். அவசரப்படாமல் படியுங்கள். அப்புறம் டெஹானு. முடித்துவிட்டு எழுதுங்கள், ஆர்வெனைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேசுவோம்.