முன் ஆக்சில் ஹப்: தட்டா, டயலா, தானியங்கியா?

பழைய ஃபோர் வீல் ஜீப், பிக்கப் வண்டிகளின் முன் சக்கர ஹப் பற்றி வந்த வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள். முன் ஷாஃப்ட்டைச் சக்கரத்தோடு இணைக்கும் பாகம் இது: தட்டு என்றால் எப்போதும் இணைந்தே இருக்கும், டயல் என்றால் கையால் திருப்பிப் பூட்டலாம், விடுவிக்கலாம், தானியங்கி என்றால் தானே பூட்டிக்கொள்ளும்.

எங்கிட்ட பழைய எம்.எம். 540 ஜீப் இருக்குதுங்க. முன் சக்கரத்துல வெறும் தட்டுதான், டயல் இல்லை. டயல் ஹப் போட்டா டீசல் மிச்சமாகும்கறாங்க. மாத்தலாமுங்களா? – வாசகர், தாளவாடி

டீசலுக்காக மட்டும் என்றால் வேண்டாமுங்க. கிடைக்கும் மிச்சம் சொற்பம். ஹப்பால் வரும் லாபம் தேய்மானத்தில்தான். அந்தத் தட்டுக்கு டிரைவ் பிளேஞ்ச் என்று பெயர். அது இருக்கும்வரை, நீங்கள் டூ வீலில் ஓட்டினாலும் முன் ஷாஃப்ட், ஆக்சில் நடுவிலுள்ள கிரவுன், பினியன் பற்சக்கரங்கள், முன் ஜாயிண்ட் எல்லாம் சக்கரத்தோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். திம்பத்தின் 27 வளைவும் இறங்கி, சத்திக்கும் கோவைக்கும் தார் ரோட்டிலேயே அதிகம் ஓடுகிற வண்டி என்றால் டயல் ஹப் போடலாம். முன் ஜாயிண்ட்டின் குறுக்குத் துண்டும் ஆயில் சீலும் நாள்பட உழைக்கும், வேகத்தில் வரும் அதிர்வும் குறையும். காட்டுக்கும் மலைக்கும் தினம் ஃபோர் வீல் போடுகிற வண்டிக்குத் தட்டே மேல். அதில் அசையும் பாகமே கிடையாது, அதனால் கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை.

வாங்கும் முன் தட்டைக் கழற்றி ஷாஃப்ட் நுனியின் பற்களை எண்ணுங்கள். டானா என்ற கம்பெனியின் 25, 27 ரக ஆக்சிலில் 10 பல் இருக்கும். டானா 30 என்றால் 27, டானா 44 என்றால் பெரும்பாலும் 19. போல்ட் வட்டத்தின் விட்டத்தையும் அளந்துகொண்டு போங்கள். கண்ணால் பார்த்து வாங்கினால் கோவை உக்கடத்துக் கடைக்கு இரண்டு நடை நடக்க வேண்டிவரும்.

டயல் ஹப்பிலேயே வெளியில் ஆறு போல்ட் போடுவது ஒன்று, உள்ளே நுழைந்து சின்ன ஆலன் ஸ்க்ரூ மட்டும் தெரிவது ஒன்று. எது பலம்? – வாசகர், பொள்ளாச்சி

உள்ளே நுழையும் ரகம்தான் பலம். இழுவை எதன் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

வெளியே போல்ட் போடும் ரகத்தில் ஹப் உடலும் வீல் ஹப்பும் (சக்கரம் மாட்டும் பாகம்) முகத்தோடு முகம் அழுந்தி நிற்கின்றன. அந்தப் பிடிப்புதான் இழுவையைக் கடத்துகிறது. போல்ட் கொஞ்சம் தளர்ந்தால் பிடிப்பு போய், சுமை முழுக்க போல்ட்டின் குறுக்கே விழும். பிறகு துளை நீள்வட்டமாகும், கடைசியில் போல்ட் முகத்தோடு வெட்டுப்பட்டு உள்ளேயே நின்றுவிடும். அதற்கு முன்பே வண்டி சொல்லிவிடும்: இணைப்பில் கறுப்பாகக் கிரீஸ் கோடு கசியும், போல்ட் தலையைச் சுற்றிச் செந்தூரம் போலத் துருப்பொடி தெரியும். நம் செம்மண் புழுதி என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள், விரலில் தேய்த்துப் பாருங்கள். புழுதி என்றால் மண்ணாக உதிரும், இது மாவாக ஒட்டும்.

அப்படிக் கண்டால் ஆறையும் கழற்றுங்கள். இரு முகத்தையும் மரையையும் பெட்ரோலில் கழுவிக் காயவிட்டு, 8.8 என்ற பலத் தரத்துக்குக் குறையாத புது போல்ட்டை மரைப் பசையோடு (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட்டு, எதிரெதிராக மூன்று சுற்றில் முறுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, 500இல் ஒருமுறை திரும்பச் சரிபார்க்க வேண்டும். இதே ரகத்தில் டொயோட்டா செய்தது கெட்டி வேலை: ஸ்டட்டின் மேல் கூம்பு வாஷர் இறங்கித் துளையின் இடைவெளியை அடைத்துவிடும், ஹப் நகர இடமே இருக்காது. அந்த நட்டுக்கு 31 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். கழற்றும்போது நட்டை ஸ்டட் நுனிவரை தளர்த்தி விட்டுவிட்டு, பித்தளைக் கட்டையை வைத்து ஸ்டட் நுனியில் தட்டினால் கூம்பு 'டப்'பென்று துள்ளி வரும். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் முகம் கீறி, பிறகு ஆயுசுக்கும் தண்ணீர் இறங்கும்.

உள்ளே நுழையும் ரகத்தில் ஹப் உடலின் வெளிப்பற்கள் வீல் ஹப்பின் உட்பற்களில் பூட்டிக்கொள்ளும். சுமை முழுவதும் பற்களில். ஆலன் ஸ்க்ரூ மூடியை மட்டும் பிடிக்கிறது. இதிலும் ஒரு கண்ணி உண்டு. உடலை நிறுத்தும் பெரிய கம்பி வளையம் காடியில் முழுக்க உட்காராவிட்டால், ஹப் மெல்ல வெளியே நடந்து வந்து மூடியைத் தள்ளும். வளையத்தைப் போட்டதும் சுற்றிலும் ஆணி முனையால் தடவிப் பாருங்கள், எங்கும் மேடு தட்டக்கூடாது. துருப்பிடித்த ஆலன் தலையில் சாவியைச் சுத்தியால் தட்டி இறக்கிவிட்டுத் திருகுங்கள், இல்லாவிட்டால் தலை வழுக்கிவிடும்.

பலம் என்பதற்காக ஒரு ரகத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறாதீர்கள். வீல் ஹப்பையே மாற்ற வேண்டிவரும்.

பழைய பிக்கப், ஆட்டோமேட்டிக் ஹப். ஃபோர் லோவில் (ஃபோர் வீலின் மெதுவான கியரில்) இறக்கத்தில் வரும்போது முன்னால் 'டக் டக்' என்கிறது. ஏன்? – வாசகர், வால்பாறை

தானியங்கி ஹப்பில், ஷாஃப்ட் சக்கரத்தை இழுக்கும்போது உள்ளிருக்கும் கேம் (சரிவான முகம் கொண்ட துண்டு) நகர்ந்து பூட்டிக்கொள்கிறது. இறக்கத்தில் எதிராக, சக்கரம் ஷாஃப்ட்டைத் தள்ளுகிறது. தேய்ந்த கேம், அல்லது கெட்டியான கிரீஸில் மாட்டிய கேம், அந்த நேரம் விட்டுவிட்டு மறுபடி கவ்வும். அதுதான் சத்தம். அந்தக் கணத்தில் இன்ஜின் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும் போகிறது என்பது சத்தத்தைவிடப் பெரிய விஷயம். சேற்றில் முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கும்போதும் இதே கதை: திசை மாறும் ஒவ்வொரு முறையும் விட்டுக் கவ்வி, கடைசியில் பல் போகும். கழற்றிக் கழுவி, லேசாக எண்ணெய் பூசிப் பாருங்கள். நிற்காவிட்டால் கையால் திருப்பும் ஹப்பாக மாற்றிவிடுங்கள். சில வண்டிகளில் அதற்கு ஸ்டப் ஆக்சில் நட்டும் லாக் வாஷரும் சேர்த்து மாற்ற வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

டயல் ஹப்பில் நிறையக் கிரீஸ் அடைக்கலாமா? – வாசகர், ஈரோடு

கூடாது. பற்களில் விரலால் ஒரு பூச்சு போதும். அடைத்தால் ஸ்ப்ரிங் தள்ள முடியாமல் ஹப் பாதியில் நிற்கும். கிரீஸ் நிறைக்கும் இடம் வீல் பேரிங்.

கரிசல் காட்டில் ஃபோர் வீல் போட்டும் பின் சக்கரம் மட்டுமே சுற்றுகிறது. இரண்டு டயலும் லாக்கில்தான் இருக்கிறது. – வாசகர், தாராபுரம்

டயல் லாக்கைக் காட்டுவது வேறு, உள்ளே பூட்டியிருப்பது வேறு. ஒரு பக்கம் பூட்டாவிட்டால் டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கும் பாகம்) அந்தப் பக்கத்து ஷாஃப்ட்டை வெறுமனே சுற்றும், மறுபக்கத்துக்கும் இழுவை இருக்காது. சோதனை சுலபம். சமதரையில் பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, இன்ஜினை நிறுத்தி, ஃபோர் வீல் போட்டு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். கையால் சுற்றும்போது கொஞ்சம் ஆடிவிட்டு நின்றால் இரண்டு ஹப்பும் சரி. தாராளமாகச் சுற்றினால் ஏதோ ஒன்று பூட்டவில்லை.

டயல் முழுக்கத் திரும்பாவிட்டால் வண்டியை ஓரடி தள்ளி மறுபடி திருப்புங்கள். பல்லுக்குப் பல் மோதி நிற்கும், அவ்வளவுதான். கொறடு போடாதீர்கள், டயல் உடையும். விடுவிக்கும்போது டூ வீலுக்கு மாற்றி, நேராக இரண்டு மூன்று மீட்டர் ரிவர்ஸ் வந்தால் முறுக்கு இறங்கிக் கையோடு திரும்பும். ஹப்பைப் பூட்டியபடி டூ வீலில் தார் ரோட்டில் போகலாம், தப்பில்லை. ஃபோர் வீல் போட்டுத் தார் ரோட்டில் வளைவதுதான் தப்பு.

மலையில் ஹப் உடைந்தால்? தட்டை லேத்தில் கடைந்து வைத்துக்கொள்ளலாமா? – வாசகர், அந்தியூர்

கடைந்து வைக்கலாம். கோவை கணபதிப் பக்கம் ஸ்லாட்டிங் மெஷினில் உட்பல் வெட்டித் தருவார்கள், மாதிரிக்குப் பழைய தட்டையோ ஷாஃப்ட்டையோ கொண்டுபோங்கள். சாதா இரும்பு வேண்டாம், பல் மழுங்கும். இ.என். 24 என்ற கெட்டியான எஃகு கேளுங்கள். ஒரு தட்டு, ஆறு போல்ட், கேஸ்கெட், அதற்கான ஸ்பேனர் நாலும் ஒரே பையில் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.