30% லாப விகிதம் எங்கிருந்து வந்தது?

ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பார்த்து, பிரீமியம் 1,000 கோடி, கொடுத்த கிளெய்ம் 700 கோடி, ஆகவே மொத்த லாப விகிதம் 30% என்று போட்டிருக்கிறீர்கள். நிறுவனமோ கிளெய்ம் விகிதமே, அதாவது பிரீமியத்தில் கிளெய்முக்குப் போகும் பங்கே, 83% என்கிறது. பொய்க்கணக்கு எதுவும் இல்லை, நீங்கள் எடுத்த இரண்டு எண்களுமே வேறு.

1,000 கோடி என்பது விற்ற பாலிசிகளின் பிரீமியம். கணக்காண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போது விற்ற ஓராண்டு பாலிசியில் அந்த ஆண்டுக்குக் கால்வாசிதான் வருமானம், மீதி அடுத்த ஆண்டுக்குப் போகும். அப்படிக் கழித்து, மறுகாப்பீட்டுக்கு (தன் ஆபத்தில் ஒரு பங்கை ஏற்கும் வேறு காப்பீட்டு நிறுவனத்துக்கு) கொடுத்ததையும் நீக்கினால் கிடைப்பது ஈட்டிய நிகர பிரீமியம். நீங்கள் பார்த்த அறிக்கையில் அது 900 கோடி.

கிளெய்மிலும் இதே கதைதான். நோயாளி கணக்காண்டின் கடைசி மாதத்தில் அட்மிட் ஆவார், பில் இரண்டு மாதம் கழித்து வரும். இப்படி இன்னும் கொடுக்காத கிளெய்முக்காக ஒதுக்கிய தொகை ஆண்டுத் தொடக்கத்தில் 100 கோடி, முடிவில் 150 கோடி. எனவே நேர்ந்த கிளெய்ம் 700 + 150 – 100 = 750 கோடி. 750 ÷ 900 = 83.3%. மிச்சம் 150 கோடி, அதாவது 16.7%, இதைத்தான் மொத்த லாப விகிதமாக எடுக்க வேண்டும்.

அதிலிருந்து கமிஷன், நிர்வாகச் செலவு 130 கோடி போனால் நிற்பது 20 கோடி, அதாவது 2.2%. முதலீட்டு வருமானத்தை இதில் கலக்காதீர்கள். பல பங்குத் தளங்கள் அதைச் சேர்த்துவிடுவதால்தான் தளத்துக்குத் தளம் விகிதம் மாறுகிறது.

லாப விகிதம் திடீரென்று ஏறினால் முதலில் அறிக்கையில் கிளெய்ம் ஒதுக்கீடு பற்றிய குறிப்பைப் பாருங்கள். பழைய ஆண்டு ஒதுக்கீட்டைக் குறைத்து விடுவித்தாலே லாபம் அழகாகத் தெரியும், வியாபாரம் ஒரு அடிகூட முன்னேறியிருக்காது.