வியன்னா ஸ்டேட் ஓபராவுக்குள் போய்ப் பார்ப்பது அவசியமா? இசை தெரியாதவர்கள் வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டால் போதாதா?

போதாது.

மே மாதம் அப்பா அம்மாவோடு வியன்னா போவதாகவும், டிக்கெட் 200 யூரோ என்று யாரோ சொன்னதாகவும், ஓபரா (வசனத்தையே பாட்டாகப் பாடி நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம்) என்றால் உங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். 200 யூரோவுக்கும் அதற்கு மேலும் டிக்கெட் இருப்பது நிஜம்தான். ஆனால் நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கு 4 யூரோ கொடுத்துத்தான் உள்ளே போனோம். நின்றபடி பார்க்கும் டிக்கெட். கொரோனாவுக்கு முந்தைய கதை. இப்போது விலையை ஏற்றிவிட்டார்கள், போகுமுன் அவர்களுடைய இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகும் அங்கே ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுக்கு ஆகும் செலவை விடக் குறைவுதான்.

"நாலு யூரோவில் ஓபரா பார்த்தேன் என்று சீன் போடுகிறாள்" என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மேற்கத்திய சங்கீதத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. இவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பாட்டுக்கும் அவருக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. அப்படிப்பட்ட நாங்களே போய்வந்தோம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

மகள் ம்யூனிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், ரயில் பிடித்து வியன்னாவுக்கும் போய்வந்தோம். பகலில் அந்தக் கட்டிடத்துக்குள் 'கைடட் டூர்' இருக்கிறது, முக்கால் மணி நேரம்கூட ஆகாது, பல மொழிகளில் நடத்துகிறார்கள். முதலில் அதற்குத்தான் போனோம். அதைக் குறை சொல்ல மாட்டேன். முகப்புப் படிக்கட்டு ஒன்று போதும், டிக்கெட் காசு செரித்துவிடும். சலவைக்கல், வளைவுகள், கலைகளைப் பெண்களாக வடித்து நிறுத்திய சிலைகள். அந்தப் படிக்கட்டில் இரண்டு ஆண்களின் முகம் வட்டமாகச் செதுக்கி வைத்திருக்கிறது. எடுவார்ட் ஃபான் டெர் நுல், ஆகுஸ்ட் சிக்கார்ட்ஸ்பர்க். கட்டிடத்தை வடிவமைத்தவர்கள் இந்த இருவரும்தான்.

அவர்கள் கதையைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வேலை தொடங்கிய பிறகு எதிரில் இருக்கும் ரிங் சாலையின் மட்டத்தை ஒரு மீட்டர் உயர்த்திவிட்டார்கள். அது இவர்கள் செய்த வேலையும் இல்லை, இவர்கள் கையில் இருந்த விஷயமும் இல்லை. ஆனால் கட்டிடம் பள்ளத்தில் உட்கார்ந்த மாதிரி தெரிந்ததும் ஊரே சிரித்தது. 'புதைந்த பெட்டி' என்றார்கள். 1866இல் கோனிக்ரேட்ஸ் போரில் ஆஸ்திரியா பிரஷ்யாவிடம் வாங்கிய தோல்வி அப்போது பச்சைப் புண். கட்டிடக் கலைக்கு இது ஒரு கோனிக்ரேட்ஸ் என்று வேறு ஏசினார்கள். 1868 ஏப்ரலில் ஃபான் டெர் நுல் தூக்குப் போட்டுக்கொண்டார். பத்து வாரத்துக்குள் சிக்கார்ட்ஸ்பர்க்கும் நோயில் போய்விட்டார். இசையமைப்பாளர் மொஸார்ட்டின் 'டான் ஜியோவானி' ஓபராவோடு அரங்கு திறந்தது 1869 மே 25. கட்டிய இருவரில் ஒருவர்கூட அன்று இல்லை. இந்தப் பேச்சில் தானும் கலந்துகொண்டதை நினைத்துப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் கலங்கிப்போனாராம். அதற்கப்புறம் எதைத் திறந்துவைத்தாலும் "மிக அழகாக இருந்தது, எனக்கு மிக்க மகிழ்ச்சி" என்ற ஒரே வசனத்தோடு நிறுத்திக்கொள்வார் என்று சொல்கிறார்கள்.

படிக்கட்டைத் தாண்டி உள் அரங்குக்குள் நுழைந்தவுடன் எங்களோடு வந்த ஒருவர் "அடடா, நூற்றைம்பது வருஷப் பழசு" என்று உருகினார். இல்லை. அரங்கு 1955இல் கட்டியது. 1945 மார்ச் 12 அன்று அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் தீப்பிடித்து, மேடையும் பார்வையாளர் பகுதியும் எரிந்துபோயின. 120 ஓபராக்களுக்கு மேல் இருந்த காட்சி ஜோடனைகளும், ஏறக்குறைய 1,50,000 உடைகளும் அதோடு போயின. தப்பித்தது முன்பக்கம் மட்டும்: வாசல், படிக்கட்டு, பேரரசரின் தேநீர் அறை. எரிக் போல்டன்ஸ்டெர்ன் என்பவர்தான் உள்ளே மறுபடி கட்டினார். சிவப்பு, தந்த நிறம், பொன் நிறம் என்று பழைய நிறங்கள்தாம், ஆனால் பழைய வேலைப்பாடு கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவில் தங்கியிருந்த நேச நாட்டுப் படைகளில் கடைசி ஆளும் ஊரை விட்டுப் போனது 1955 அக்டோபரில். நவம்பர் 5 அன்று பீத்தோவனின் 'ஃபிதேலியோ'வோடு கதவு திறந்தது. சிறையில் இருந்து ஒருவன் விடுபடும் கதையை அன்றைக்கு எடுத்தார்கள் பாருங்கள்.

இவ்வளவும் பகல் டூரிலேயே கிடைத்துவிடும். ஆனாலும் காலியாகக் கிடக்கிற அரங்கு கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் மாதிரிதான். வெளியே வந்ததும் "ராத்திரி நிகழ்ச்சிக்கே வந்துடலாம்" என்றேன். இவர், "ஏம்மா, அங்கே கோட்டு சூட்டு இல்லாமல் விடுவானா? உனக்கு முட்டி தாங்குமா?" என்று இரண்டு கேள்வி கேட்டார். முதல் கேள்விக்குப் பதில்: நிற்கிற இடத்துக்குச் சாதாரண உடையே போதும். நான் சுங்குடிப் புடவை, மேலே ஸ்வெட்டர். அரை டிராயர் மட்டும் வேண்டாம். இரண்டாவதற்குப் பதில் பிறகு.

வாசலில் மொஸார்ட் மாதிரி வெள்ளை டோப்பாவும் பட்டுக் கோட்டும் போட்ட பையன்கள் டிக்கெட் விற்பார்கள். நமக்கும் பார்த்தால் ஓபரா ஆட்கள் மாதிரியே இருக்கும். அவர்கள் விற்பது ஊரில் வேறு ஏதோ கூடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடக்கும் கச்சேரிக்கு. எங்களிடம் ஒரு பையன் "ஓபராவில் எல்லாம் விற்றுவிட்டது, மேடம்" என்று கூசாமல் சொன்னான். அவன் சொல்லி முடித்த நேரத்தில் பத்தடி தள்ளி நிற்கும் டிக்கெட்டுக்கு வரிசை வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த வரிசைக்கு ஓபர்ன்காஸே பக்கம் தனி வாசல் உண்டு. நாங்கள் போனபோது நிகழ்ச்சிக்கு 80 நிமிடம் முன்னால் கவுன்டரைத் திறந்தார்கள். எங்களுக்கு முன்னால், எழுபது தாண்டிய ஓர் அம்மாள் மடக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். என் புடவையைப் பார்த்தார், பின்னலை நிறுத்தினார், "கழுத்துத் துணி வைத்திருக்கிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குளிருக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். விஷயம் வேறு. உள்ளே நிற்கிற இடத்தில் வரிசை வரிசையாகக் கைப்பிடிக் கம்பி இருக்கும். அப்போதெல்லாம் போனவுடன் உங்கள் இடத்துக் கம்பியில் ஒரு துணியைக் கட்டிவிட வேண்டும். கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது, அப்புறம் வெளியே போய்க் காபி குடிக்கலாம், கால் நீட்டி உட்காரலாம். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! என் துப்பட்டா ஒன்று பையில் இருந்தது, கட்டினேன். அந்த அம்மாள் வந்து முடிச்சை இழுத்துப் பார்த்து, தலையை ஆட்டி, அவிழ்த்து, இறுக்கமாகத் தானே ஒரு தடவை கட்டிவிட்டுப் போனார். எங்கள் முடிச்சை யாரும் தொடவில்லை.

இடம் எங்கே தெரியுமா? கீழ்த்தளத்தில், நாற்காலிகளுக்குப் பின்னால், நட்ட நடுவில். தலைக்கு மேல் அந்தக் காலத்தில் அரச குடும்பம் உட்கார்ந்த நடு மாடம். பக்கவாட்டு மாடங்களில் ஐந்தாறு மடங்கு காசு கொடுத்துப் பின் வரிசையில் உட்கார்ந்தவர்கள் பாதி மேடையைப் பார்க்கக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முழு மேடையும் நேர் எதிரே. கம்பியிலேயே சின்னத் திரை, பாடும் வரி ஆங்கிலத்தில் ஓடுகிறது, ஜப்பானிய மொழிகூட இருக்கிறது. தமிழ் இல்லை, அது தனி வருத்தம்.

அன்று புச்சினி இசையமைத்த 'டோஸ்கா'. கதை நம்ம ஊர் சினிமாவுக்கு ஒன்றும் குறைந்ததல்ல. 1800ஆம் வருஷம், ரோம் நகரம். பாடகி டோஸ்கா, அவள் காதலிக்கும் ஓவியன், அவனைப் பிடித்து வதைக்கும் போலீஸ் அதிகாரி ஸ்கார்ப்பியா. காதலனை விட வேண்டுமானால் நீ எனக்கு இணங்கு என்கிறான். அவள் சம்மதம் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் கிடந்த கத்தியை எடுத்துக் குத்திவிடுகிறாள். அதற்கப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம். பாட்டு இல்லை. வாத்தியங்கள் மட்டும் அடக்கமாக ஒலிக்கின்றன. அவள் மெழுகுவர்த்தி இரண்டை எடுத்துப் பிணத்தின் தலைமாட்டில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைக்கிறாள். சுவரில் இருந்த சிலுவையை எடுத்து அவன் நெஞ்சில் வைக்கிறாள். கொன்றவளே சடங்கும் செய்துவிட்டுப் போகிறாள். எங்களைச் சுற்றி அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒரு இருமல் இல்லை.

இன்னொன்று: மைக் கிடையாது. மேடைக்கு முன்னால் கீழே பள்ளத்தில் ஒரு முழு வாத்தியக் குழு வாசிக்க, அதற்கு மேலே ஒரு தொண்டை தனியாக எழும்பி, கடைசி வரிசையில் நிற்கும் எனக்கு வந்து சேர்கிறது. முதல் அங்கத்தின் முடிவில் தேவாலய மணி, பீரங்கிச் சத்தம், கூட்டுப் பாட்டு எல்லாம் ஒன்றாகச் சேரும்போது அந்தக் கம்பி என் கைக்குள் அதிர்ந்தது. பள்ளத்தில் வாசிப்பவர்கள் சாமானியர்களும் இல்லை. வருஷப் பிறப்பன்று டிவியில் வரும் வியன்னா ஃபில்ஹார்மோனிக் கச்சேரி தெரியுமில்லையா, அதன் வாத்தியக்காரர்கள் எல்லாருமே இந்த ஓபரா குழுவிலிருந்து வருகிறவர்கள்தான். இங்கே சில வருஷம் வாசித்துத் தேறினால்தான் அங்கே சேர முடியும்.

இடைவேளையில் ஸ்டூல் அம்மாள் சொன்னார், இதே ஜோடனையோடு இதே டோஸ்காவைக் கல்லூரி நாளில் இருந்தே பார்க்கிறாராம். மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். நிஜம்தான். 1958இல் மார்கரேட்டே வால்மன் அமைத்த மேடையாக்கம், நூற்றுக்கணக்கான தடவை போட்டாயிற்று, இன்னும் போடுகிறார்கள். பாடுகிறவர்கள் மாறுவார்கள், தேவாலயத்தூண் மாறாது. அதே சமயம், ஏறக்குறைய தினமும் வேறு வேறு ஓபரா. இன்றைக்கு டோஸ்கா என்றால் நாளைக்கு வேறு. இவருக்குச் சங்கீதத்தை விட இதுதான் பிடித்துப்போனது. ராத்திரியோடு ராத்திரியாக அத்தனை மரத்தையும் துணியையும் எப்படிக் கழற்றி மாட்டுகிறார்கள், எத்தனை ஷிஃப்ட், எவ்வளவு மின்சுமை என்று ரயில் ஏறும்வரை அதே பேச்சு.

இப்போது என் ஆதங்கம். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஊர் திரும்பியதும் எங்கள் சொந்தக்காரர் ஒருவர், "காசு கொடுத்து, மூணு மணி நேரம் நின்னு, அவங்க கத்துறதைக் கேட்டீங்களா அக்கா?" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் சிரித்தார். அவரும் வியன்னா போனவர், ஒரு பேக்கேஜ் டூரில். ஓபரா வாசலில் பத்து நிமிஷம் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அதில் பாதி நேரம், பக்கத்துச் சுரங்கப் பாதையில் வால்ட்ஸ் இசை போடும் கட்டணக் கழிவறை ஒன்று இருந்ததே, அதைப் படம் பிடிப்பதில் போயிருக்கிறது. ஆறரைக்கு 'இந்தியன் டின்னர்'. பாரிஸிலும் பனீர் பட்டர் மசாலா, ரோமிலும் பனீர் பட்டர் மசாலா, வியன்னாவிலும் அதுவே. ஏழு மணிக்கு ஊர் விழித்துக்கொண்டு அரங்கு அரங்காகக் கிளம்புகிற வேளையில் நம் ஆட்களைப் பேருந்தில் ஏற்றி ஊருக்கு வெளியே ஹோட்டலில் அடைத்துவிடுகிறார்கள். வயதானவர்களுக்குச் சோறு முக்கியம், நான் மறுக்கவில்லை, நானும் ஊறுகாய் பாட்டிலோடு போகிறவள்தான். ஆனால் அதற்காக லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஒரு மாலைப்பொழுதைக்கூட அவர்கள் கையில் கொடுக்காமல் இருப்பது என்ன நியாயம்? கேட்டால் "நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் பிடிக்காது சார்". யார் கேட்டுப் பார்த்தார்கள்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் போவது நல்லதாகப் போயிற்று. ஜூலை, ஆகஸ்ட்டில் ஓபராவுக்கு விடுமுறை, போனால் கட்டிடம் மட்டும்தான். நிற்கும் டிக்கெட்டை நீங்கள் எடுங்கள், உங்கள் அம்மாவை நிறுத்தாதீர்கள். என் முட்டி தாங்கியது, இடைவேளைகளில் உட்கார்ந்துகொண்டேன், ஆனால் எல்லா முட்டியும் ஒன்றல்ல. அவர்களுக்கு மேல் தளத்தில் காலரியின் நடுப்பகுதியில் ஓர் இருக்கை பாருங்கள். பக்கவாட்டு மாடத்தின் பின் வரிசை மலிவாக இருக்கிறதே என்று மட்டும் ஏமாறாதீர்கள். அப்பா உட்காரவே மாட்டேன், பாட்டே வேண்டாம் என்றால், மே மாதத்தில் பல நாள், கெர்ட்னர் தெருப் பக்கம் கட்டிடத்துச் சுவரிலேயே பெரிய திரை வைத்து, உள்ளே நடப்பதை நேரலையாகக் காட்டுவார்கள். இலவசம், நாற்காலியும் போட்டிருப்பார்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். முதல் தடவைக்கு டோஸ்கா, லா போஹேம் மாதிரி மூன்று மணி நேரத்துக்குள் முடிவதாகப் பாருங்கள். இசையமைத்தவர் வாக்னர் என்று இருந்தால் நிற்கும் இடம் பக்கமே போகாதீர்கள், சிலது ஐந்து மணி நேரம்கூட ஆகிவிடும்.

ராத்திரி திரும்புவதற்குப் பயம் வேண்டாம், கார்ல்ஸ்பிளாட்ஸ் மெட்ரோ ஸ்டேஷன் காலடியில் இருக்கிறது. சாப்பாட்டை மட்டும் ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள்.