ஐமேக்கில் கமாண்ட்-ஆப்ஷன்-பி-ஆர் அழுத்தியும் என்விராம் ரீசெட் ஆகவில்லையே, ஏன்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் நண்பரின் கேள்வி இது. பழைய இன்டெல் சிப் ஐமேக். என்விராம் என்பது ஒலி அளவு மாதிரியான சில செட்டிங்குகளை மேக் ஞாபகம் வைத்திருக்கும் சின்ன மெமரி. நான்கு கீயையும் அழுத்தினாலும் கண்டுகொள்ளாமல் நேரே டெஸ்க்டாப்புக்குப் போய்விடுகிறதாம்.

முதலில் கீபோர்டைச் சந்தேகப்படுங்கள். புளூடூத் கீபோர்டு அந்த ஆரம்ப நொடிகளில் இணையாமல் போகலாம். ஒயர் கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கி, ஹப்பில் செருகாமல் ஐமேக்கின் பின்பக்கத்திலேயே செருகுங்கள். விண்டோஸ் கீபோர்டு என்றால் விண்டோஸ் கீதான் கமாண்ட், ஆல்ட்தான் ஆப்ஷன். நம்ம ஊர் உப்புக் காற்றில் கீகள் பழுதாவதும் உண்டு. மேக்கிலேயே உள்ள, கீபோர்டைத் திரையில் காட்டும் 'கீபோர்டு வியூவர்' திறந்து, அழுத்தும் கீ திரையில் நிறம் மாறுகிறதா பாருங்கள். நான்கையும் சேர்த்தே அழுத்திப் பாருங்கள். தனித்தனியே ஒழுங்காக இருக்கும் மலிவு கீபோர்டு, சேர்த்து அழுத்தினால் ஒன்றை விட்டுவிடும்.

பவர் பட்டனைத் தட்டிய உடனே நான்கு கீயையும் பிடிக்க வேண்டும், சுமார் 20 நொடி விடக்கூடாது.

கீபோர்டு சரி, இன்னும் அசையவில்லை என்றால் ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு, அதாவது மேக் ஆன் ஆகும் கட்டத்துக்கே போட்ட பூட்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கியதென்றால் இதைத்தான் அடித்துச் சொல்வேன். அது இருந்தால் இந்த ஷார்ட்கட் வேலை செய்யாது, அல்லது ரெகவரியில் (மேக்கைச் சரிசெய்வதற்கான தனித் திரை) போய் நிற்கும். ஆப்ஷன் கீயை மட்டும் பிடித்து ஆன் செய்யுங்கள். பூட்டுப் படமும் பாஸ்வேர்டு கட்டமும் வந்தால் அதேதான். விற்றவரிடம் பாஸ்வேர்டு கேட்டு ரெகவரியில் எடுத்துவிடலாம். அவருக்கும் தெரியாவிட்டால், வாங்கிய ஒரிஜினல் பில்லோடு ஆப்பிள் அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 முதலானவை உள்ள மேக்குகளில் இந்த ஷார்ட்கட்டே கிடையாது.